பாரிஸுக்குப் போன மாம்பலகை

1948ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலே முக்கால் மணி. வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த ராஜகிரிப் பாறைகள் அந்த நேரத்துக்கு ஊர்மேல் அனலை விடும். அன்றைக்கு மேகத்தால் அதுவும் இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. அப்போதுதான் ஏழு மாம்பலகைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி, செஞ்சி கோயில் தெருவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

ஒவ்வொன்றும் ஆறடி நீளம். ஏழும் சேர்த்து மரக்கடையில் வாங்கினால் பதினாறு ரூபாய்க்குக் குறையாது. எனக்கு ஒன்பது ரூபாய்க்குக் கிடைத்தன. வண்டிக்கூலி ஆறணா தனி. விலை குறைந்ததற்குக் காரணம் உண்டு, தெரிந்துதான் வாங்கினேன். அவை ஒருவருக்குச் சவப்பெட்டி செய்ய வாங்கிய பலகைகள். அவர் சாகவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சின்ன வயதில் புதுச்சேரியில் மாமன் வீட்டில் தங்கிப் படித்ததால் பிரெஞ்சு வாசிப்பேன், தட்டுத்தடுமாறிப் பேசுவேன். பாரிஸில் ஒரு கத்தோலிக்க மடம் இருந்தது. தமிழ்நாட்டுக்கு வரப்போகும் குருமார்களுக்கு அங்கேயே தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், பத்து மாத வேலை என்று எங்கள் பங்குச் சாமியாருக்கு எழுதியிருந்தார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். போகவர கப்பல் டிக்கெட் மடத்துடையது. தங்க ஓர் அறை. மாதாமாதம் ஒரு சிறு தொகை. வழிச்செலவு, துணிமணி, சாமான், சாப்பாட்டில் விழுகிற துண்டு எல்லாம் என் தலையில்.

எதற்காகப் போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சம்பளத்துக்காக என்று சொல்லியிருப்பேன். சம்பளத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்று மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தவனும் நான்தான். வளர்ந்த மனிதர்கள் எதிரே உட்கார்ந்து என்னிடம் தமிழில் சந்தேகம் கேட்பார்கள் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் பையன்கள் கேட்ட ஒரே சந்தேகம், மணி எப்போது அடிக்கும் என்பது.

மடத்தார் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். கல்யாணமானவராக இருந்தால், மனைவி பங்குச் சாமியார் முன்னால் வந்து சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தாள் செப்டம்பர் இருபதுக்குள் புதுச்சேரி போய்ச் சேர்ந்தால்தான் டிக்கெட். இல்லாவிட்டால் வேறு ஆள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் போய்விட்டால் வீட்டில் அவள் ஒருத்திதான். கேட்டதற்கு, "ஆவட்டும், பாக்கலாம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையில் நான் ஏற்பாடுகளில் இறங்கினேன். கைக்காசு நூற்றைம்பது ரூபாயைத் தாண்டக்கூடாது என்று எனக்கு நானே கோடு போட்டுக்கொண்டேன். பாரிஸில் யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகியும் ரொட்டிக்குச் சீட்டுதான் என்று மடத்திலிருந்து எழுதியிருந்தார்கள். சீட்டில்லாமல் வாங்கினால் விலை தாங்காது. ஆகையால் புளி, மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, மோர்மிளகாய், வத்தல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று பத்து மாதத்துக்கு இங்கிருந்தே கொண்டுபோவதாகத் திட்டம். வெறும் உருளைக்கிழங்கை வேகவைத்தாலும் இவற்றை வைத்து ஒருவன் உயிர் பிழைக்கலாம். இதெல்லாம் அடங்கப் பெரிய பெட்டி வேண்டும். தகர டிரங்கு ஒன்று முப்பத்திரண்டு ரூபாய் சொன்னான். எனக்கு இரண்டு தேவைப்பட்டது.

குளிருக்கு, பட்டாளத்தில் கழித்துப்போட்ட கம்பளி ஒன்றைப் பதினோரு ரூபாய்க்கு வாங்கிக் கடைத்தெருத் தையற்காரரிடம் கொடுத்தேன். கோட்டாக வெட்டிக் கொடுத்தார். போட்டுப் பார்க்கச் சொல்லி, நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"வாத்தியாரே, இதப் போட்டுகினு அங்க எறங்காதீங்க. கரடி வருதுன்னு துப்பாக்கி எடுத்துடுவான்."

"கூலி மூன்று ரூபாய் அதிகம்" என்றேன்.

"கரடிக்குத் தைக்கிற கூலி அதான்" என்றார்.

இந்த நிலைமையில்தான் பலகைகள் விலைக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டேன்.

பலகைக்கு உரியவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அறுபது வயதுக் குடியானவர். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரைக் காணி. ஜூலை மாதத்தில் காய்ச்சல் கண்டு, மூன்று நாள் கண் திறக்காமல், வாயில் ஊற்றிய தண்ணீர் வழிந்துபோகும்படி கிடந்தார். சாமியார் வந்து எண்ணெய் பூசி, சாகப்போகிறவர்களுக்கான மந்திரங்களைச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மூச்சும் தெரியவில்லை. கோயில்பிள்ளை அவசரப்பட்டுத் துக்க மணி அடித்துவிட்டான். குழியும் வெட்டியாயிற்று. பலகை வந்து இறங்கியது. ஆசாரி அளவெடுக்கப் போய்க் காலருகே நூலைப் பிடித்தபோது, கால் நகர்ந்தது.

பிழைத்துக்கொண்டார். வெட்டின குழியை வெறுமனே மூடக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் வழக்கம். ஆளுக்குப் பதிலாக வாழைத்தண்டு ஒன்றை, ஆளின் நீளத்துக்கு வெட்டி, உள்ளே கிடத்தி மண் தள்ளுவார்கள். அவருக்கும் அப்படியே செய்தார்கள். பலகை மட்டும் வீட்டில் நின்றது. அது வீட்டில் நிற்பது நல்லதில்லை என்று அவர் மருமகள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அதன்பிறகு தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. போய் வந்தவர் என்றுதான் சொன்னார்கள்.

பலகை வந்த மறுநாள் நாலே முக்காலுக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்றார். ஆசாரி முற்றத்தில் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். கப்பலில் நாலடிக்கு மேற்பட்ட பெட்டியை அளந்து தனிக் காசு வாங்குவார்கள் என்பதால் ஆறடியை நாலாகக் குறைக்கச் சொல்லியிருந்தேன்.

"குட்டையாக்கிட்டீங்களா?" என்றார்.

"கப்பல்காரன் அளவு" என்றேன்.

குனிந்து ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார். மாட்டை விற்றவன் அடுத்த சந்தையில் அந்த மாட்டைத் தடவுவது போல இருந்தது. "நான் படுக்க வேண்டியது. நீங்க புளி கட்றீங்க. ஆவட்டும். புளி கெடாது."

ஆசாரி சிரித்தார். "ஏன் பெரியவரே, விட்டுட்டோமேன்னு இருக்குதா?"

"நான் விடல. அங்கதான் சேத்துக்கல."

ஆசாரி ரம்பத்தை நிறுத்திவிட்டார். பெரியவர் திரும்பிப் போய்விட்டார்.

அதன்பின் தினமும் வந்தார். அதே நேரம். வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வரமாட்டார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். பத்து நிமிஷம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் வந்தால் எங்கள் வீட்டு ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் போகும்வரை சும்மா நிற்கும். ஆடு அசைபோடுவதை எப்போதாவது நிறுத்தும்தான். ஆனால் நான் கவனித்தவரை அவர் இருக்கும்போது ஒருநாளும் மென்றதில்லை.

ஒருநாள் கேட்டார்: "நீங்க போற ஊரு எப்படி வாத்தியாரே?"

"குளிர் ஊர்" என்றேன்.

"காலுக்கு முதல்ல போடுங்க. கால்லேர்ந்துதான் ஏறும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நடவு, களை, கிணற்றில் கவலை இறைப்பது பற்றிச் சொல்லுகிற அதே குரலில் சொன்னார். "அந்த மூணு நாளு நான் ஒரு ஊருக்குப் போனேன். மேடான தெரு. சாம்பக் கல்லுல வூடுங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு. ஜன்னலு எல்லாம் மூடி இருக்குது. மழை இல்ல, ஆனா தரை ஈரம். ஜனங்க வரிசையா நிக்கிறாங்க, கையில ஒரு சீட்டு. ஒருத்தரும் பேசல. நானும் நின்னேன். என்கிட்ட சீட்டு இல்ல. அப்புறம் ஒரு வூட்டுல ஏறச் சொன்னாங்க. மூணாவது மாடி. கதவத் தொறந்தவ ஒரு வெள்ளக்காரப் பொம்பள. உள்ள கட்டிலு, விரிப்பு எல்லாம் சுத்தமா போட்டு வச்சிருக்குது. என்ன மேலேர்ந்து கீழ பாத்தா. தலைய இப்படி ஆட்டுனா. உனக்கில்ல, வேற ஆளு வரணும்னு. எறங்கி வந்துட்டேன்."

என் கையில் மிளகாய்ப் பொடி டப்பா இருந்தது. அதை மூடத் தோன்றவில்லை.

மடத்துக் கடிதத்தில் என் அறையைப் பற்றி எழுதியிருந்தார்கள்: மேட்டுத் தெருவில் ஒரு விதவை அம்மாளின் வீடு, மூன்றாவது மாடி, ரொட்டிச் சீட்டு வந்தவுடன் எடுத்துத் தருவோம். கடிதம் பிரெஞ்சில் இருந்தது. செஞ்சியில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் சாமியாரும் நானும். நான் என் மனைவியிடம்கூட அறை உண்டு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். மாடி எத்தனை என்று சொல்லவில்லை. சொன்னால், விழுந்துவிடுவீர்கள் என்பாள்.

பிற்பாடு இதற்குச் சமாதானம் தேடினேன். சாமியார் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மாடி என்றால், கோட்டைக்குள் கலியாண மகால் இருக்கிறது. அதில் ஏறி இறங்காத செஞ்சிக்காரன் கிடையாது. சீட்டு என்றால், யுத்த காலத்தில் எங்கள் ஊரிலும் வரிசையில் நின்றவர்கள்தான் எல்லோரும். ஒவ்வொன்றாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. சேர்த்து எடுத்தால் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் என் மனைவி முறத்தோடு நின்றிருந்தாள். முறத்தில் இருந்த பருப்பு ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க தங்கப் போற எடம் எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டேன்; அதுவே பதிலாகிவிட்டது.

அன்றைக்கே சொல்லிவிட்டாள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் கட்டிலு உங்களுக்குப் போட்டு வச்சது. நீங்க போனா வர மாட்டீங்க."

நான் எத்தனையோ சொன்னேன். இதுவரை ஆன செலவு நாற்பத்தேழு ரூபாய் என்று சொன்னேன். "நாப்பத்தேழு ரூவாய்க்கு நான் தாலி அறுக்கணுமா?" என்றாள். பெட்டி முடிந்திருந்தது. உள்ளே புளியை வேட்டியில் கட்டி வைத்திருந்தேன். பகலில் வெயில் ஏறி இறங்கும்போது மாம்பலகை நெட்டி முறிப்பது போல் சத்தம் போடும். புது மரம் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அவள் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள். வீட்டில் நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடந்தோம். தாண்டி நடக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

செப்டம்பர் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சாமியார் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் அவளாகவே பேச்செடுத்தாள்.

"அவருக்கு மணி அடிச்சாங்க இல்ல?"

"யாருக்கு?"

"போய் வந்தவருக்கு. மணி அடிச்சாங்க, எண்ணெய் பூசினாங்க, குழி வெட்டி வாழத்தண்ட வச்சாங்க. எல்லாம் முடிஞ்சிபோச்சு. அதனாலதான் அங்க கணக்கு நேராயி, அவரத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அதனால்?"

"உங்களுக்கும் செஞ்சிட்டா நீங்களும் திரும்பி வருவீங்க."

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை, பின்னாலேயே போய்க் கேட்கவேண்டியிருந்தது. அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் சாமியார் சைக்கிளில் அனந்தபுரம் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் வருவார். கோயில்பிள்ளைக்கு எட்டணா கொடுத்தால் மணி அடிப்பான். குழிக்கு மூன்று ரூபாய். வாழைத்தண்டு எங்கள் கொல்லையிலேயே இருக்கிறது. எண்ணெய் ஒன்றுதான் நம்மால் முடியாது. மற்றது முடிந்தால் மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

படித்தவன் இதற்குச் சம்மதித்தானா என்று கேட்பீர்கள். மூன்றரை ரூபாயில் முடிகிற காரியம் என்று அப்போது நினைத்தேன். எனக்கும் பயம் என்று என் வாயால் சொல்ல வைக்காமல் அவள் இதை முடித்தாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் துக்க மணி அடித்தது. விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாக. நான் வீட்டுக்குள் பெட்டியில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தேன். பிறத்தியாருக்கு அடிக்கும்போது அந்த மணி தூரத்தில் கேட்கும். அன்றைக்குக் கூரைக்கு மேலேயே அடிப்பது போலிருந்தது. வாசலில் போய் வந்தவர் நின்றிருந்தார். அவருக்கு அது நேரமில்லை. காலையில் அவர் வந்ததே கிடையாது. மணி ஓயும்வரை தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழி வெட்டுகிறவர் என் உயரத்தைக் கேட்டு அனுப்பியிருந்தார். ஐந்தடி நாலங்குலம். என் மனைவி தண்டை நூல் பிடித்து அளந்து, வெட்டி, ஒரு பழைய வேட்டியில் சுற்றினாள். வெட்டின இடத்திலிருந்து சாறு சொட்டியது. அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் நீளத்தில், என் வேட்டியில் ஒன்று தெருமுனை திரும்பியது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மணியைக் கேட்டவர்கள் யாருக்கு என்று விசாரித்திருக்கிறார்கள்; கோயில்பிள்ளை உளறியிருக்கிறான். பதினொரு மணி பஸ்ஸில் சேதி அனந்தபுரம் போய்விட்டது. அங்கே என் தங்கை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவளும் அவள் வீட்டு மனிதர்களும், பதினான்கு பேர், கோடித்துணியும் மாலையுமாகத் தெருமுனையிலேயே மாரடித்துக்கொண்டு வந்தார்கள்.

"என்ன பெத்த அண்ணா, கப்பலேறப் போறேன்னியே, கண்ண மூடிட்டியே!"

நான் வாசலுக்கு வந்து நின்றேன். தங்கை என்னைப் பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் மட்டும் நின்றது. பிறகு கோடித்துணியை என் முகத்தில் வீசினாள்.

"செத்தவன் எதுக்குடா வாசல்ல நிக்கிறே? பஸ்ஸுக்கு மட்டும் மூணரை ரூவா ஆச்சு!"

அவள் என் தங்கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பதினான்கு பேருக்கும் சோறு வடித்துப் போட்டோம். துக்க வீட்டில் சாப்பிடுகிறமாதிரி யாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். நான் பரிமாறப் போனால் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒரு கிழவர் என் கையிலிருந்து மோர் வாங்க மறுத்துவிட்டார்.

மூன்றரைக்குச் சைக்கிள் மணி கேட்டது. சாமியார் வியர்வை ஒழுக, அங்கியெல்லாம் புழுதியாக உள்ளே ஓடிவந்தார். அனந்தபுரத்தில் அவருக்கும் சேதி போயிருக்கிறது. உயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இருக்கட்டும் என்று எண்ணெய்ப் புட்டியோடு வந்துவிட்டார். என்னைக் கண்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி முழங்காலிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முதலில் கத்தத்தான் செய்தார். கோயில்பிள்ளையை நீக்குவேன் என்றார், இருவருக்கும் பிராயச்சித்தம் என்றார். என் மனைவி அசையவில்லை.

"வந்தது வந்தீங்க சாமி. அதையும் பூசிட்டீங்கன்னா..."

"நல்லா இருக்கிறவனுக்குப் பூசக்கூடாது!"

"பூச வேணாம். புட்டி வூட்டுக்குள்ள வந்துட்டுது இல்ல, அதுவே போதும்."

சாமியார் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் நீளப்பெட்டி, சாப்பிட்ட இலைகள், கோடித்துணியோடு பதினான்கு பேர். அவருக்கும் என்னவோ போல் இருந்திருக்கவேண்டும். ஒரு மணையை இழுத்து உட்கார்ந்து, என் பேனாவை வாங்கி, சம்மதத் தாளை எழுதினார்.

"போடும்மா கையெழுத்த. மணி அடிச்ச பெறகு இந்த ஆள் ஊர்ல இருந்தாத்தான் வம்பு. போய்ட்டு வரட்டும்."

அவள் போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, தாள் மறுபக்கம் புடைக்கும்படி.

டிக்கெட் வந்தது. புதுச்சேரியில் கப்பலேற நான் செஞ்சியை விட்டுக் கிளம்பிய காலையில் பஸ் கண்டக்டர் என்னிடம் வந்து தயங்கினான். "வாத்தியாரே, உங்களுக்கு டிக்கெட் கிழிக்கலாமா?" சிரிப்புக்குத்தான் கேட்டான், ஆனால் காசைக் கையில் வாங்காமல் பையை நீட்டினான். என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ஓர் ஆள் காசில் இரண்டு ஆள் இடம். திண்டிவனம் ரோட்டில் கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது பார்த்தேன். புது மண்மேடு, தலைமாட்டில் சுள்ளியில் கட்டின சிலுவை. மேடு எனக்குக் கொஞ்சம் அதிக நீளமாகத்தான் போட்டிருந்தார்கள்.

பாரிஸைப் பற்றி எழுத அதிகமில்லை. தெரு மேடுதான். கல் சாம்பல் நிறம்தான். அந்த ஊரில் பாதித் தெருக்கள் அப்படி. கதவைத் திறந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். கம்பளிக் கோட்டைப் பார்த்திருப்பாள். பிறகு தலையாட்டி உள்ளே வரச் சொன்னாள். விரிப்பு சுத்தமாக இருந்தது. பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். என் மாணவர்கள் ஏழு பேர். அவர்கள் கேட்ட சந்தேகங்களில் சிலவற்றுக்கு இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது. அந்தச் சந்தோஷத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஜனவரியில் காய்ச்சல் வந்தது. காலிலிருந்துதான் ஏறியது. எத்தனை நாள் கிடந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை; மூன்று என்று அந்த அம்மாள் சொன்னாள். மடத்திலிருந்து ஒரு குரு வந்து எண்ணெய் பூசியிருக்கிறார். எனக்கு ஞாபகமிருப்பது ஒன்றே ஒன்று. கால்மாட்டில் பெட்டி நெட்டி முறித்தது. குளிர்காலத்து இருட்டு அறையில், வெயிலே படாத மரம். அதைக் கேட்டுக் கண் விழித்தேன்.

ஆகஸ்டில் திரும்பினேன். செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் மனைவி ஓரமாக நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு இருவரும் பின்னால் நடந்தோம்.

"போய் வந்தவர் போயிட்டாரு" என்றாள்.

"எப்போது?"

"பொங்கலு கழிஞ்சி. பலகை கெடைக்கல, பாயில சுத்திதான். கல்லறையில அவங்க குடும்பத்துப் பக்கம் எங்க வெட்டுனாலும் பாறை. வாழத்தண்ட வச்ச அவரு குழியத் திரும்பத் தோண்டுனா, அதுல ஊத்துத் தண்ணி. என்கிட்ட வந்து கேட்டாங்க."

"என்ன கேட்டார்கள்?"

"உங்க குழிய."

வண்டியில் பெட்டி குலுங்கியது.

"குடுத்துட்டேன்" என்றாள். "தோண்டிப் பாத்தா தண்டு மக்கிப்போயி ஒண்ணுமே இல்லியாம், வேட்டி மட்டும் கெடந்துதாம். அவரு ஒயரமானவரு. இருந்தும் அளவு சரியா இருந்துச்சாம். அது நெறஞ்சதுக்கப்புறம்தான் எனக்கு ராத்திரில தூக்கம் வந்துது. இனிமே நீங்க வந்துடுவீங்கன்னு."

எந்தத் தேதி என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். எனக்குக் காய்ச்சல் கண்ட தேதி அந்த அம்மாளுக்குத் தெரியும்; எழுதிக் கேட்டால் சொல்லியிருப்பாள். வாழ்நாளெல்லாம் எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தவன், அந்த இரண்டு தேதியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அவர் மருமகள் மறுநாள் வந்து, குழி வெட்டின கூலி மூன்று ரூபாயைத் தரட்டுமா என்று கேட்டாள். வாங்கினால் என் செலவு குறையும். என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்த பார்வையில், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கியிருந்தால் அந்தக் குழி யாருடையது என்று மறுபடி ஒரு கேள்வி வந்திருக்கும்.

அன்று பிற்பகல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டினேன். நான் போட்ட நூற்றைம்பது ரூபாய்க் கோடு எப்போதோ தாண்டிப்போயிருந்தது. பலகை, ஆசாரி, கோட்டு, பொடிகள், புதுச்சேரியில் கப்பல் வரை படகு, பாரிஸில் மருந்து, பதினான்கு பேருக்குச் சோறு, மணிக்கு எட்டணா. குழிக்கூலியைப் பயணச் செலவில் சேர்ப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். சேர்த்தேன். மொத்தம் இருநூற்று முப்பத்தொரு ரூபாய், ஆறணா, மூன்று தம்பிடி.